வீட்டு நாய்க்கு வருத்தம்: கைமருந்து எதுவரை? வைத்தியர் எப்போது?

"ஒரு நாய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போறதோ? எங்களுக்கே மருந்துக்குக் காசில்லை."

மீளக்குடியமர்ந்த கிராமங்களில் இந்தக் கேள்வியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பற்றை வெட்டிக் காணியைத் துப்புரவாக்கி, அடுத்த போகத்துக்கு விதைநெல் எங்கே வாங்குவது என்று யோசிக்கும் குடும்பத்துக்கு நாயின் வருத்தம் கடைசிக் கவலையாகத்தான் இருக்கும். ஆனால் இரவில் பன்றி வளவுக்குள் இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அந்த நாய்தான். பற்றைக்குள் கிடக்கும் பாம்பை முதலில் காண்பதும் அதுதான். தாயும் தகப்பனும் வயலுக்குப் போன பிறகு கொட்டிலில் பிள்ளைகளுக்குத் துணையாகக் கிடப்பதும் அதுவே.

எமது மக்கள் வாயில்லா உயிர்கள் மீது அன்பில்லாதவர்கள் அல்லர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009 இல் வன்னியில் இடத்துக்கு இடம் ஓடியவர்களும், கட்டையில் நின்ற மாட்டை அவிழ்த்து விட்டதையும், பின்னால் ஓடிவந்த நாயைக் கல்லெறிந்து திருப்பி அனுப்பியதையும் இன்றும் சொல்லிக் கலங்குவார்கள். அன்பு இருக்கிறது. எந்த வருத்தத்துக்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது, எங்கே கொண்டு போவது என்ற தெளிவுதான் குறைவாக இருக்கிறது. அந்தத் தெளிவைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்பு சிக்கிய நாய்

சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குக் கிணறு துப்புரவாக்கும் வேலை தொடர்பாகப் போயிருந்தோம். ஒரு வளவில் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். பாலைமரத்தில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. வாய் திறந்தபடி கீழ்த்தாடை தொங்கியது. வீணீர் வடிந்துகொண்டிருந்தது. முன்னால் வைத்த தண்ணீரை நக்கப் பார்த்தது. ஆனால் விழுங்க முடியவில்லை.

"ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. தொண்டேக்கை எலும்பு சிக்கிப் போச்சு. பேரன் கையை விட்டு எடுக்கப் போறான்" என்றார் வீட்டுப் பெரியவர். பன்னிரண்டு வயதுப் பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, கையை வையாதை. தள்ளி நில்" என்று தடுத்தோம். பிரதேசத்தின் மிருக வைத்தியருக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னோம். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கிட்டப் போகாமல் சற்று நேரம் பார்த்தார். பிறகு பெரியவரிடம் கேட்டார்:

"ஐயா, இந்த ரெண்டு கிழமைக்குள்ளை இது ஆரையாவது கடிச்சதோ? கீறினதோ? ஆற்றையேன் புண்ணிலை நக்கினதோ?"

பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. பேரனின் கையில் விளையாட்டாகப் பல் பட்ட கீறல் இருந்தது. பாட்டி முதல் நாள்தான் அதன் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றியிருந்தார். அவருடைய விரலில் அரிவாள் வெட்டிய காயம். நாய் மறுநாள் காலை செத்தது. அதன் தலை அதிகாரிகள் மூலம் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. விசர்நோய் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குக் காத்திராமல் அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போன நால்வரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். நால்வரும் இன்று சுகமாக இருக்கிறார்கள்.

விசர் பிடித்த நாய் என்றால் வெறிகொண்டு ஓடிக் கடிக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். எல்லா நாயும் அப்படி ஓடுவதில்லை. சில நாய்கள் ஒதுங்கிப் படுக்கும். தாடை செயலிழந்து தொங்கும். குரல் மாறும். விழுங்க முடியாமல் வீணீர் வடியும். பின்கால் தள்ளாடும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே தோன்றும். ஆகவே விழுங்க முடியாமல் வீணீர் வடிக்கும் நாயின் வாய்க்குள் ஒருபோதும் கை விடாதீர்கள். உண்மையில் எலும்புதான் சிக்கியிருந்தாலும் அதை எடுப்பது வைத்தியரின் வேலை.

நாய் கடித்தால், கீறினால், அல்லது புண்ணில் நக்கினால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சளோ, மிளகாய்த்தூளோ, சுண்ணாம்போ பூசாதீர்கள். கடித்த நாய் சுகமாக இருப்பதாகத் தெரிந்தால் அதை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டி வைத்து 14 நாட்கள் கவனியுங்கள். அது மனிதருக்கான வைத்தியத்தைத் தீர்மானிக்க டொக்டருக்கு உதவும். விசர்நோயின் குணங்குறிகள் மனிதரில் தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். குணங்குறி தோன்றுமுன் முறைப்படி ஊசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. நாயின் வருத்தம் நாயோடு நிற்பதில்லை. வைத்தியரை அழைப்பதா என்ற முடிவு சில வேளை பிள்ளையின் உயிரைப் பற்றிய முடிவாகவும் இருக்கிறது.

மூன்று படிகள்

நாய்க்கோ பூனைக்கோ வருத்தம் வந்தால் மூன்று படிகள் உண்டு என்று நினைவில் வையுங்கள்.

முதற்படி வீடு. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கக்கூடிய வருத்தம்.

இரண்டாம் படி பிரதேசத்திலுள்ள அரசாங்க மிருக வைத்தியர். பெரும்பாலான வருத்தங்களுக்கு இவர் போதும்.

மூன்றாம் படி, அவர் எழுதித் தரும் கடிதத்தோடு போக வேண்டிய பெரிய வைத்தியசாலை. எக்ஸ்றே, ஸ்கான், பெரிய சத்திரசிகிச்சை போன்றவற்றுக்கு இது வேண்டும்.

எமது மக்கள் செய்யும் தவறு இரண்டு வகை. முதற்படியில் நெடுநாள் நின்றுவிடுவது ஒன்று. இரண்டாம் படியைப் பாராமலே "இதுக்குக் கண்டிக்குத்தான் போகவேணும், எங்களாலை ஏலாது" என்று கைவிடுவது மற்றது.

வீட்டில் பார்க்க வேண்டியவை

வைத்தியரிடம் போவதா என்று முடிவெடுக்க ஐந்து விடயங்களைப் பாருங்கள். இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம்.

1. முரசு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். சுகமான நாயின் முரசு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறி, இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்கும். முரசு வெள்ளையாக, மஞ்சளாக அல்லது நீலமாக இருந்தால் அன்றே வைத்தியர். வீணீர் வடிக்கும் நாயிலோ, குணம் மாறிய நாயிலோ இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

2. மூச்சு. நாய் படுத்திருக்கும்போது விலா எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 10 முதல் 30 வரை இயல்பு. வெயிலில் ஓடிவந்த நாய் இளைப்பது வேறு. நிழலில் ஆறிய பிறகும் இளைத்தால், வயிற்றை எக்கி எக்கி மூச்சு விட்டால் வைத்தியர்.

3. தண்ணீர். கழுத்துக்குப் பின்னால் தோலைப் பிடித்துத் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் கூடாரம் போல் நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது.

4. மலமும் சலமும். நிறம், இரத்தம், நாற்றம், எத்தனை தரம் என்று பாருங்கள். சலம் போக முக்கி முக்கி ஒன்றும் வராவிட்டால் அது அவசரம். கடுவன் பூனைக்கு இது வந்தால் ஒரு நாள் தாமதமும் உயிரை எடுக்கலாம்.

5. குணம். சாப்பாட்டில் மனமில்லை, ஆனால் கூப்பிட்டால் வால் ஆட்டுகிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் ஒரு நாள் பொறுக்கலாம். கூப்பிட்டும் தலை தூக்கவில்லை என்றால் பொறுக்கக் கூடாது.

மூக்கு ஈரமா, காய்ந்ததா என்று பார்ப்பது எமது ஊர் வழக்கம். அதை நம்ப வேண்டாம். நித்திரையால் எழும்பிய சுகமான நாயின் மூக்கும் காய்ந்திருக்கும். கையால் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதும் சரிவராது. நாயின் இயல்பான உடற்சூடு 101 முதல் 102.5 பாகை பரனைற் வரை. மனிதருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு அதற்குச் சாதாரணம்.

ஒரு முறை சத்தி எடுத்தது, ஒரு நாள் மலம் இளகிப் போனது, சிறிய கீறல், லேசாக நொண்டுவது ஆகியவற்றுக்கு வீட்டில் கவனிப்புப் போதும். கொதித்தாறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவலாம். வயிறு குழம்பினால் அரை நாள் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, பிறகு குழைந்த சோறு கொடுக்கலாம். சிறு குட்டிகளுக்கு இந்தப் பொறுமை ஆகாது. அவற்றின் உடலில் நீர் விரைவாக வற்றும்.

அன்றே வைத்தியரிடம் போக வேண்டியவை

குட்டிக்கு இரத்த வயிற்றோட்டம். ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையான குட்டி சத்தி எடுத்து, கெட்ட நாற்றத்தோடு இரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் பார்வோ வைரசு. இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். சேலைன் ஏற்றினால் பல குட்டிகள் தப்பும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே குட்டி செத்த வளவுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். சீமெந்து நிலத்தையும் பாத்திரத்தையும், 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோரின் வெளிற்றும் திரவம் கலந்து கழுவுங்கள்.

உண்ணிக் காய்ச்சல். முகாம்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் நாய்கள் ஒன்றாகக் கிடந்தபோது உண்ணி பரவியதை நீங்கள் அறிவீர்கள். உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. இரத்தத்தில் வளரும் கிருமிகளையும் ஏற்றிவிடுகிறது. சோர்வு, காய்ச்சல், வெளிறிய முரசு, தேயிலைச் சாயம் போன்ற சலம், மூக்கால் இரத்தம் என்பன குணங்குறிகள். இதற்கு ஒரு துளி இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். ஏனெனில் கிருமி எது என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். பக்கத்து வீட்டு நாய்க்குச் சுகம் கொடுத்த ஊசி உங்கள் நாய்க்குச் சரிவராமல் போவது இதனால்தான்.

நஞ்சு. பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியை நக்கிய நாய்க்கு வீணீர் பெருகும், உடல் நடுங்கும், கழியும். இவ்வகை மருந்துகள் பலவற்றுக்கு முறிவு ஊசி உண்டு. போத்தலையோ அதன் லேபலையோ கையோடு கொண்டு போங்கள். எலி மருந்து வேறு விதமானது. சில வகைகளைத் தின்ற நாய் மூன்று நாலு நாள் ஒன்றும் இல்லாதது போல் ஓடித் திரியும். பிறகுதான் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். ஆகவே தின்றதைக் கண்டால் வருத்தம் வரும்வரை காத்திராதீர்கள். மண்ணெண்ணெய் குடித்த, அல்லது மயங்கிய நாயைச் சத்தி எடுக்க வைக்காதீர்கள்.

பாம்புக்கடி. கடித்த இடத்தை வெட்டவோ, இறுக்கிக் கட்டவோ, சூடு வைக்கவோ வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக் கொண்டு போங்கள். விச முறிவு மருந்து எல்லா இடத்திலும் இருக்கும் என்று எண்ண முடியாது. புறப்படுமுன் தொலைபேசியில் கேளுங்கள்.

குட்டி போடுதல். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அரை மணித்தியாலம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் கடந்தால், முதற்குட்டிக்கு முன்னரே கரும்பச்சை நீர் வந்தால் காத்திராதீர்கள். குட்டி போட்ட சில கிழமைகளில் தாய் நாய் நடுங்கி, நிலைதடுமாறி, வலிப்புக் கண்டால் அது கல்சியம் குறைவதால் வருவது. ஊசி ஏற்றினால் விரைவில் எழும்பும். ஏற்றாவிட்டால் செத்துப்போகும்.

இவற்றோடு விபத்து, வலிப்பு, கண்ணில் காயம், புழு வைத்த ஆழமான புண் என்பனவும் அன்றே காட்ட வேண்டியவை. புழுவுக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஊற்றுவதை நிறுத்துங்கள். அது புழுவோடு சதையையும் எரிக்கிறது.

வீட்டிலுள்ள குளிசை

இங்கே ஓர் எச்சரிக்கை. எமது வீடுகளில் வேறு மருந்து இல்லாவிட்டாலும் பனடோல் இருக்கும். பூனைக்கு ஒரு பனடோல் குளிசையே உயிரைப் போக்கப் போதுமானது. நாய்க்கும் அளவு தப்பினால் ஈரல் கெடும். மனிதருக்குக் கொடுக்கும் வலிமருந்துகளான டைக்ளோபெனக், ஐபுபுரோபன் என்பன நாயின் குடலில் புண்ணாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். "எனக்கு ஆஸ்பத்திரியிலை தந்த குளிசையிலை பாதி குடுத்தனான்" என்று சொல்வோரை அடிக்கடி காண்கிறோம். அன்பினால் கொடுத்ததுதான். ஆனாலும் கொடுக்க வேண்டாம்.

எமது முற்றத்தில் நடந்தது

அறிவுரை சொல்லும் எமக்கும் ஒரு கதை உண்டு.

எமது பணிமனை வளவில் மணி என்று ஒரு பெட்டை நாய் நின்றது. ஓர் ஆவணி மாதம் அது அடிக்கடி தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. வெயில் கடுமைதானே என்று நினைத்தோம். பிறகு சாப்பாட்டைக் குறைத்தது. மல்லித்தண்ணீர் வைத்தோம். வயிறு பெருத்தது. சினைப்பட்டுவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சந்தோசப்பட்டோம். அந்தக் கிழமை எமக்குப் பல வேலைகள். வெள்ளத்தடுப்பு அணை, விதை விநியோகம், கூட்டங்கள். "சனத்துக்கே மருந்தில்லை, நாயைத் தூக்கிக்கொண்டு திரிவதா" என்ற எண்ணமும் எமக்குள் இருந்தது. இக்கட்டுரையின் முதல் வரியில் நீங்கள் படித்த கேள்வியை நாமும் கேட்டோம்.

ஆறாம் நாள் சத்தி எடுத்துச் சரிந்து விழுந்த பிறகுதான் வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். கடைசியாக எப்போது வேட்கைப்பட்டது என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என்றோம். கருப்பையில் சீழ் பிடித்து நிரம்பிவிட்டது, உடனே வெட்டி எடுக்க வேண்டும், அதற்கு வசதியுள்ள இடத்துக்கு இப்போதே கொண்டு போங்கள் என்று கடிதம் எழுதித் தந்தார். வாகனத்தில் பாதி வழியில் மணி செத்துப்போனது. திரும்பி வந்து சொன்னபோது வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "மூண்டு நாள் முந்தி வந்திருந்தால் நான் நம்பிக்கையோடை அனுப்பியிருப்பன்" என்று மட்டும் சொன்னார்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய், வேட்கை முடிந்து ஒன்று இரண்டு மாதத்துக்குள் அதிகம் தண்ணீர் குடித்து, அதிகம் சலம் போய், சாப்பாட்டை விட்டால் அதே நாள் காட்டுங்கள். பின்பக்கத்தால் சீழ் வடியலாம், வடியாமலும் இருக்கலாம். வடியாததுதான் அதிக ஆபத்து. கருப்பையை அகற்றும் கருத்தடைச் சத்திரசிகிச்சையை முன்னரே செய்த நாய்க்கு இந்த வருத்தத்தைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை.

பெரிய வைத்தியசாலைக்கு எப்போது?

இலங்கையில் மிருக வைத்தியர்களைப் பயிற்றும் பல்கலைக்கழகப் பீடம் பேராதனையில் உள்ளது. அதனோடு சேர்ந்த மிருகப் போதனா வைத்தியசாலையில் எக்ஸ்றே, ஸ்கான், சத்திரசிகிச்சை முதலிய வசதிகள் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல். வருத்தக்கார நாயோடு இந்தத் தூரம் போவது இலேசல்ல. ஆகவே பின்வரும் நிலைகளில் மட்டும் இதை யோசியுங்கள்.

பிரதேச வைத்தியர் சொன்ன நாட்கள் முழுவதும் மருந்து கொடுத்தும் சுகம் காணாதபோது.

ஒரே வருத்தம் சுகமாகிச் சுகமாகித் திரும்பத் திரும்ப வரும்போது.

மூட்டுக்குக் கிட்ட எலும்பு முறிந்தபோது, அல்லது பின்கால்கள் இரண்டும் திடீரென இழுபட்டபோது.

கட்டி விரைவாக வளரும்போது, அல்லது கண் பார்வை மங்கும்போது.

வலிப்பு அடிக்கடி வந்து காரணம் தெரியாதபோது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதேச வைத்தியரே "இதற்கு இங்கே வசதி இல்லை" என்று சொல்லும்போது.

கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். "டொக்டர், இதை வேறை இடத்திலை காட்டினால் நல்லதோ?" என்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர் அதை வரவேற்பார். கடிதத்தில் இதுவரை கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நாள் என்பவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். பல வருத்தங்களுக்கு நாய் பயணம் செய்யவே தேவையில்லை. இரத்தத்தையோ மலத்தையோ எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும், படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்பி நிபுணரின் கருத்தைக் கேட்டாலும் போதுமாயிருக்கும்.

போகத் தேவையில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு விதவைத் தாயின் கடுவன் நாய்க்கு ஆண்குறியில் பூக்கோவாப் பூப் போன்ற கட்டி வந்து இரத்தம் சொட்டியது. "புற்றுநோயாம், கண்டிக்குக் கொண்டு போகவேணுமாம், ஆரோ சொல்லிச்சினம். விட்டிட்டன்" என்றார். பிரதேச வைத்தியரிடம் காட்டச் சொன்னோம். அது நாய்கள் சேரும்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் கட்டி. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது. கிழமைக்கு ஒரு ஊசி வீதம் ஐந்து கிழமை போட்டார். கட்டி கரைந்து போனது. "இந்த ஒண்டுக்காக நான் நாலு மாதம் அழுதனான் தம்பி" என்றார் அந்தத் தாய் வைத்தியரிடம். பலம் கூடிய அந்த ஊசியை வைத்தியர் மட்டுமே போட வேண்டும். ஆனால் அதற்காக மலைநாடு வரை போக வேண்டியிருக்கவில்லை.

செலவும் முடிவும்

பெரிய வைத்தியம் என்று முடிவெடுக்குமுன் வைத்தியரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இது என்ன வருத்தம்? அங்கே என்ன செய்வார்கள்? செய்தால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு? மொத்தம் எவ்வளவு முடியும்? இதில் பயணமும், பிறகு வீட்டில் காயம் பார்க்கும் செலவும் சேர வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடக் காசையோ விதைநெல்லையோ விற்று நாய்க்கு வைத்தியம் செய் என்று நாம் சொல்ல மாட்டோம். எவரும் அப்படிச் சொல்லக் கூடாது. முடியாது என்று தீர்மானிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அறிந்து தீர்மானிப்பது வேறு, அறியாமல் கைவிடுவது வேறு.

சுகமாக்க முடியாத வேதனையில் நாய் கிடந்தால், அதை நோவின்றி உறங்கச் செய்யும்படி வைத்தியரைக் கேட்கலாம். அதுவும் அவருடைய பணியே. கயிறு, நஞ்சு, கிணறு என்று வேறு வழி தேடாதீர்கள். காட்டில் கொண்டுபோய் விடுவதும் இரக்கமாகாது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். எம்மில் பலர் சிறுவயதில் படலையடியில் விட்டு வந்த நாயை இன்னும் மறக்கவில்லை.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

புதிய இடத்தில் குடியிருக்கப் போனால் ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, கிராம அலுவலர் எங்கே என்று விசாரிக்கிறோம். அதோடு மிருக வைத்தியர் எங்கே என்பதையும் விசாரியுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு அலுவலகத்தில் இருப்பார், எப்போது களத்துக்குப் போவார் என்று கேட்டு, தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் அந்தரப்பட்டுத் தேடுவதற்கு முன் இது உதவும்.

விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுக்கு ஒருமுறை போடுங்கள். சுகாதாரப் பகுதியினர் நடத்தும் முகாம்களில் இது இலவசம். இடப்பெயர்வில் அட்டை தொலைந்திருந்தால், போட்டதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிராமல் புதிதாகத் தொடங்குங்கள்.

நாயைத் தூக்கிச் செல்ல ஓர் உரப்பையும் ஒரு பலகையும் போதும். அடிபட்ட நாய் சொந்தக்காரரையும் கடிக்கும். மென்மையான துணியால் வாயைக் கட்டுங்கள். சத்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாய் கட்டக் கூடாது. எப்போது தொடங்கியது, என்ன தின்றது, என்ன மருந்து கொடுத்தீர்கள், பெட்டையானால் எப்போது வேட்கைப்பட்டது என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கைமருந்து கொடுத்ததை மறைக்காதீர்கள்.

"ஒரு நாய்க்காகவோ?" என்று அடுத்த முறை கேள்வி எழும்போது, முரசைப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள். பொறுக்கலாம் என்றால் ஒரு நாள் பொறுங்கள். பொறுக்கக் கூடாது என்றால் அன்றே புறப்படுங்கள். நாம் ஆறு நாள் பொறுத்தோம். நீங்கள் பொறுக்க வேண்டாம்.